முதற்சிவப்பைக் கண்டவர்கள்: பச்சிளங்குழந்தையின் மென்திசுத் தொற்று குறித்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

நீண்ட பதிவு. மருத்துவ வரலாறும் சமூக வரலாறும் பயிலும் மாணவ நண்பர்களை மனத்தில் கொண்டு எழுதியது. பொறுமையுடன் வாசித்து, மாறுபடும் இடங்களைச் சுட்டிக்காட்ட வேண்டுகிறேன்.

தொற்றுநோய்களின் வரலாற்றை மருந்துகளின் வரலாறாகச் சொல்வதே நம் வழக்கம். கிருமி கண்டறியப்பட்டது, மருந்து வந்தது, மரணம் குறைந்தது என்பதே அதன் வரிசை. பிறந்து சில நாட்களே ஆன குழந்தையின் தோலையும் அதன் அடியிலுள்ள மென்திசுக்களையும் தாக்கும் கடுந்தொற்றைப் பொறுத்தவரை இந்த வரிசை போதாது. இங்கு உயிரைத் தீர்மானித்தது பெரும்பாலும் ஓர் இடைவெளி: முதற்சிவப்பு தோன்றிய நேரத்திற்கும், அதைக் கண்டு செயல்பட உரிமை பெற்ற ஒருவர் வந்து சேர்ந்த நேரத்திற்கும் இடைப்பட்ட சில மணிகள். கண்டவருக்குச் செயல்படும் உரிமை இல்லை. உரிமை பெற்றவரோ உரிய நேரத்தில் காணவில்லை. இந்தப் பிளவின் வரலாற்றையே இப்பதிவு பேச முயல்கிறது.

1. பேசாத நோயாளி

ஏறத்தாழ 7 அல்லது 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் மாதவநிதானம் முழுக்க முழுக்க நோய்களை அடையாளம் காண்பதற்கென்றே தொகுக்கப்பட்ட ஆயுர்வேத நூல். அதன் குழந்தைநோய்ப் பகுதியில் 'மகாபத்மம்' என்றொரு நோய் இடம்பெறுகிறது. அது விசர்ப்பத்தின், அதாவது தோலில் ஊர்ந்து பரவும் அழற்சியின், ஒரு வகை. சிசுவின் தலையிலும் அடிவயிற்றுப் பகுதியிலும் தோன்றும். தாமரையின் நிறம் கொண்டது. உயிரைப் பறிப்பது என்று அந்நூல் குறிக்கிறது. தொப்புள் பழுத்துச் சீழ்கொள்வதை ஆயுர்வேத மரபு 'நாபிபாகம்' என்று தனியே பெயரிட்டுப் பேசுகிறது.

பழைய நோய்ப்பெயரை இன்றைய நோய்ப்பெயரோடு நேருக்கு நேர் பொருத்துவது மருத்துவ வரலாற்றில் ஆபத்தான பழக்கம். மகாபத்மம்தான் இன்று நாம் எரிசிப்பிலாஸ் அல்லது செல்லுலைட்டிஸ் என்று சொல்வது என நான் வாதிடவில்லை. ஆனால் மூன்று செய்திகள் அவர்கள் பார்வையில் பதிந்திருந்தன: சிவப்பு பரவுகிறது, அது அடிவயிற்றுப் பக்கம் வருகிறது, வந்தால் குழந்தை பிழைப்பது அரிது. இவை கூர்ந்து பார்த்த கண்களின் பதிவுகள்.

நேபாளத்தில் ஹேமராஜ சர்மாவிடம் இருந்த சிதைந்த சுவடியை அடிப்படையாகக் கொண்டு 1938இல் பம்பாயில் அச்சேறிய காசியப சம்ஹிதை இன்னும் ஒரு படி முன்னே செல்கிறது. அதன் 'வேதனாத்தியாயம்' முழுவதும் ஒரே கேள்வியைச் சுற்றியது: தன் வலியைச் சொல்லத் தெரியாத குழந்தையின் நோயை எப்படி அறிவது? தலைவலியில் குழந்தை தலையைப் புரட்டும், கண்ணை மூடிக்கொள்ளும். காதுவலியில் கையால் காதைத் தொடும் என்று அது அடுக்குகிறது. இக்குறிகளை இரவும் பகலும் பார்க்கக்கூடியவர் யார்? எப்போதாவது வந்து போகும் வைத்தியர் அல்லர். மடியில் வைத்திருக்கும் தாயும் செவிலியுமே. நூல் வைத்தியருக்காக எழுதப்பட்டது. ஆனால் நூலின் தகவல்கள் அவர்களுடைய கண்களிலிருந்தே வந்திருக்க முடியும்.

2. தோலுக்கு அடியில் நடப்பது

வரலாற்றுக்குள் மேலும் செல்லுமுன் நோயின் இயல்பைச் சற்று விளங்கிக்கொள்வது நல்லது.

தொப்புள்கொடி வெட்டப்பட்டபின் எஞ்சும் துண்டு, உயிரற்று உலர்ந்து விழவேண்டிய திசு. அது விழும்வரை கிருமிகளுக்கு அது ஒரு திறந்த வாசல். அந்த வாசலுக்குப் பின்னால் இருக்கும் தொப்புள் சிரை நேராகக் கல்லீரலை நோக்கிச் செல்கிறது. தொப்புளைச் சூழ்ந்த வயிற்றுச் சுவரில் தோலுக்கும் தசைக்கும் இடையே தசையுறை பரந்து கிடக்கிறது. பச்சிளங்குழந்தையின் தோல் மெல்லியது; நோயெதிர்ப்பு ஆற்றல் முதிராதது. ஆகவே வளர்ந்தவர்களில் ஒரிடத்தில் கட்டியாக நின்றுவிடும் தொற்று, குழந்தையில் நிற்காமல் தசையுறை வழியாகப் படர்ந்துவிடக்கூடும். திசுக்களுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நுண்குழாய்கள் அடைபடுகின்றன. மேலே தோல் வெறும் சிவப்பாகத் தெரியும் நேரத்திலேயே அடியில் திசு இறக்கத் தொடங்கியிருக்கும். பிறகு சிவப்பு ஊதாவாகும், கருக்கும், கொப்புளம் எழும். இரத்தம் பாயாத இடத்துக்கு நரம்பில் ஏற்றிய மருந்தும் போய்ச் சேராது. அதனால்தான் இத்தகைய அழுகலில் மருந்து மட்டும் போதாமல், இறந்த திசுவை அறுவையால் அகற்ற வேண்டியிருக்கிறது. மறுநாளே மீண்டும் திறந்து பார்த்து, எஞ்சியதையும் அகற்ற வேண்டியிருக்கிறது.

தைவான் மருத்துவர்கள் 1999இல் 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் அதுவரை பதிவான பச்சிளங்குழந்தைகளின் தசையுறை அழுகல் நேர்வுகளைத் தொகுத்தனர். மொத்தம் 66 குழந்தைகள். அவர்களுள் 47 பேருக்கு நோய் தொப்புள் தொற்றிலிருந்து தொடங்கியது. 39 பேர் இறந்தனர். நவீன மருத்துவமனைகளில், நுண்ணுயிர்க்கொல்லிகளின் காலத்தில் பெரும்பாலும் திரண்ட எண்ணிக்கை இது. மருந்து மட்டுமே கதையாக இருந்திருந்தால் இந்த எண் இப்படி இருந்திருக்காது.

3. உரிமை பெற்றவர்களின் கைகள்

ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் 1789 முதல் 1792 வரை பிரசவக் காய்ச்சல் பரவியது. அங்கு பணியாற்றிய அலெக்சாண்டர் கார்டன் என்னும் மருத்துவர் 1795இல் வெளியிட்ட நூலில் இரண்டு உண்மைகளைத் துணிந்து எழுதினார். பிரசவக் காய்ச்சலும் எரிசிப்பிலாஸ் என்னும் தோல் அழற்சியும் நெருங்கிய உறவுடையவை என்பது முதலாவது. நோயுற்ற பெண்ணைக் கவனித்த மருத்துவரும் மருத்துவச்சியுமே அதை அடுத்த பெண்ணிடம் கொண்டு சேர்த்தனர், அவர்களுள் தாமும் ஒருவர் என்பது இரண்டாவது. நகரம் அவரை மன்னிக்கவில்லை.

வியன்னாவில் இக்னாஸ் செம்மல்வைஸ் கண்டது இன்னும் தெளிவானது. மருத்துவ மாணவர்கள் பயின்ற முதல் பிரசவப் பிரிவில் 1846இல் தாய்மார் இறப்பு 11.4 விழுக்காடு, மருத்துவச்சிகள் பயின்ற இரண்டாம் பிரிவில் 2.8 விழுக்காடு. பிணவறையிலிருந்து நேராகப் பிரசவ அறைக்கு வந்த கைகளே வேறுபாடு. 1847 மே மாதம் குளோரின் நீரில் கைகழுவுவதைக் கட்டாயமாக்கினார், இறப்பு சரிந்தது.

இக்கதை எல்லோரும் அறிந்தது. அதன் ஒரு பகுதி மட்டும் அடிக்கடி விடுபட்டுப்போகிறது. அந்தப் பிரிவில் இறந்த பச்சிளங்குழந்தைகளின் உடற்கூற்றிலும் தாய்மாரிடம் கண்ட அதே மாற்றங்களை அவர் கண்டார். ஆண் குழந்தைகளும் அதில் இருந்தனர். பிரசவித்த பெண்ணின் உடலுக்கே உரிய நோய் இது என்ற அக்காலக் கொள்கை அங்கேயே உடைந்தது. குழந்தையின் மரணம் இங்கு ஒரு சான்றாக நின்றது; ஆனால் வரலாற்றில் அது தாயின் மரணத்தின் அடிக்குறிப்பாகவே தங்கிவிட்டது.

1879இல் பாரிஸில் பாஸ்டர் பிரசவக் காய்ச்சலின் கிருமியைக் கரும்பலகையில் சங்கிலி வடிவில் வரைந்து காட்டினார். அடுத்த சில ஆண்டுகளில் ஃபெலைசன் எரிசிப்பிலாஸ் புண்களிலிருந்து ஸ்ட்ரெப்டோகாக்கஸைப் பிரித்தெடுத்தார். கார்டன் கண்ணால் கண்ட உறவுக்கு நுண்ணோக்கி சாட்சி சொல்ல ஏறக்குறைய 90 ஆண்டுகள் ஆயின.

4. தீட்டும் தொப்புள்கொடியும்

இந்தியாவில் இதே அறிவு வேறொரு வடிவில் வந்து சேர்ந்தது. 1885இல் டஃபரின் நிதி தொடங்கியது. 1903இல் கர்சன் சீமாட்டி, மரபுவழி மருத்துவச்சிகளான 'தாயி'களுக்குப் பயிற்சியளிக்க விக்டோரியா நினைவு உதவித்தொகை நிதியைத் தொடங்கினார். அந்நிதி 1918இல் வெளியிட்ட இந்தியப் பிரசவ நிலை பற்றிய அறிக்கை, இத்துறையில் பணியாற்றுவோர் தவறாமல் வாசிக்கவேண்டிய ஆவணம். அதில் தாயியே குற்றவாளி: அவளுடைய அழுக்குக் கை, துருவேறிய அரிவாள், சாம்பலும் சாணமும்.

குற்றச்சாட்டு பொய் என்று சொல்லிவிட முடியாது. தூய்மையற்ற கருவியும் தொப்புளில் இட்ட சாணமும் எண்ணற்ற குழந்தைகளைக் கொன்றன. இசிவு நோயால் மட்டுமல்ல, சீழ்த்தொற்றாலும். ஆனால் அந்த அறிக்கையின் பார்வையில் ஒரு மறதி இருக்கிறது. கழுவாத கைகளால் இறப்பைப் பரப்பியவர்கள் என்ற பட்டியலில், இரண்டு தலைமுறைகளுக்கு முன் ஐரோப்பாவின் பட்டம் பெற்ற மருத்துவர்களே முதலிடத்தில் இருந்தனர். அங்கு அது அறிவின் குறைபாடாக எழுதப்பட்டது; இங்கு அது ஒரு சாதியின், ஒரு பெண்ணின் இயல்பாக எழுதப்பட்டது.

தொப்புள்கொடியை வெட்டுவது வட இந்தியாவின் பல பகுதிகளில் தீட்டுக்குரிய வேலை. உத்தரப் பிரதேசத்தின் பிஜ்னோர் மாவட்டக் கிராமங்களை ஆராய்ந்த பட்ரீசியா ஜெஃப்ரி, ரோஜர் ஜெஃப்ரி, ஆண்ட்ரூ லியான் ஆகியோர் 1989இல் வெளியிட்ட நூல், தாயியின் பணி எவ்வளவு இழிவாகக் கருதப்பட்டது என்பதை விரிவாகக் காட்டுகிறது. குழந்தையின் தொப்புளை மிக அருகில் பார்த்த கண்கள் அவளுடையவை. ஆனால் 'இது சரியில்லை, மருத்துவரிடம் கொண்டு போங்கள்' என்று அவள் சொன்னால், அந்தச் சொல்லுக்கு வீட்டில் என்ன மதிப்பு இருந்திருக்கும்? அறிவின்மையைப் போலவே மதிப்பின்மையும் குழந்தைகளைக் கொன்றது என்பது என் வாசிப்பு.

5. பெயரும் மருந்தும், அவற்றின் எல்லையும்

20ஆம் நூற்றாண்டு நோய்க்குத் துல்லியமான பெயரைத் தந்தது. பீக்கிங்கில் பணியாற்றிய ஃபிராங்க் மெலனி 1924இல் 20 நோயாளிகளை விவரித்து, ஸ்ட்ரெப்டோகாக்கஸால் விரைந்து பரவும் அழுகலை வரையறுத்தார். தாமதிக்காமல் அகலமாகத் திறந்துவிடுவதே சிகிச்சை என்றார். பென்சிலினுக்கு முந்தைய காலத்தில் அவருடைய நோயாளிகளுள் ஐந்தில் நால்வர் பிழைத்தனர். 1952இல் வில்சன் இந்நோய்க்கு 'நெக்ரோடைசிங் ஃபாசியைட்டிஸ்' என்ற பெயரை வழங்கினார். தசையுறை அழுகல் என்று தமிழில் சொல்லலாம்.

பிறகு மருந்துகள் வந்தன. அவற்றோடு பெருநம்பிக்கையும் வந்தது. அந்த நம்பிக்கையை மூன்று நிகழ்வுகள் அசைத்தன.

முதலாவது, 1950களின் தொடக்கத்தில் சிட்னி மருத்துவமனைகளின் குழந்தையறைகளில் பரவிய ஸ்டஃபிலோகாக்கஸ். 80/81 என்று எண்ணிடப்பட்ட அந்த வகை பென்சிலினுக்கு அடங்கவில்லை. குழந்தைகளுக்குத் தோற்கொப்புளங்களும் தாய்மாருக்கு மார்பகச் சீழ்க்கட்டியும் ஏற்பட்டன. அது பல நாடுகளுக்கும் பரவியது. பல குழந்தைகளுக்கு வீடு திரும்பிய பின்னரே நோய் வெளிப்பட்டதால், மருத்துவமனை ஏடுகளில் அவை ஏறவில்லை. தாய்தான் அதைக் கண்டாள். ஏடு அவளைக் காணவில்லை. 1962இல் கிளீவ்லாந்தில் மார்ட்டிமரும் அவருடைய குழுவினரும், கிருமி பெரிதும் காற்றில் அல்ல, பணியாளர்களின் கைகளிலேயே பயணிக்கிறது என்பதை ஆய்வின் மூலம் காட்டினர். செம்மல்வைஸுக்குப் பின் 115 ஆண்டுகள் கழித்து மீண்டும் அதே கை.

இரண்டாவது, குளோராம்ஃபெனிக்கால். தொற்று வருமுன் காக்கலாம் என்ற எண்ணத்தில் குறைமாதக் குழந்தைகளுக்கு இம்மருந்து தரப்பட்டது. 1959இல் லாஸ் ஏஞ்சலஸ் மருத்துவர்கள் ஒப்பிட்டுப் பார்த்தபோது, மருந்து பெறாத குழந்தைகளுள் 19 விழுக்காட்டினரும், இம்மருந்து மட்டும் பெற்றவர்களுள் 60 விழுக்காட்டினரும் இறந்திருந்தனர். முதிராத கல்லீரலால் அம்மருந்தைச் செரித்து வெளியேற்ற இயலவில்லை. குழந்தை என்பது அளவில் சிறிய பெரியவர் அல்லர் என்ற பாடம் இவ்வளவு விலை கொடுத்துக் கற்கப்பட்டது.

மூன்றாவது, ஹெக்சாகுளோரோஃபீன். ஸ்டஃபிலோகாக்கஸைத் தடுக்கக் குழந்தைகளை இந்தக் கரைசலில் குளிப்பாட்டினர். 1972இல் பிரான்சில் தவறுதலாக 6 விழுக்காட்டுக்கும் மேல் ஹெக்சாகுளோரோஃபீன் கலந்துவிட்ட டால்கம் தூளால் 36 குழந்தைகள் இறந்தனர். அம்மருந்து தோல் வழியே ஊடுருவி மூளையைத் தாக்கியது. அமெரிக்கா அதன் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தியது. கட்டுப்படுத்தியதும் சில குழந்தையறைகளில் தொற்று மீண்டும் தலைதூக்கியது.

நம் நாட்டின் பங்களிப்பு ஒன்றையும் இங்கே நினைவுகூர வேண்டும். 1978இல் கல்கத்தா மருத்துவர்கள் 'லான்செட்' இதழில் 'நோமா நியோநேட்டோரம்' என்ற நிலையை விவரித்தனர். எடை குறைந்த, குறைமாதக் குழந்தைகளின் மூக்கு, உதடு, வாய், ஆசனவாய்ப் பகுதிகளை அழுகச் செய்யும் இந்நோய்க்கு சூடோமோனாஸ் கிருமியே காரணம் என்று அவர்கள் காட்டினர். உலக இலக்கியத்தில் இன்றும் மேற்கோள் காட்டப்படும் கட்டுரை அது. நம் பாடநூல்களில் அதற்குரிய இடம் இல்லை.

6. கட்சிரோலியின் விடை

மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் அபய் பங், ராணி பங் இணையர் நடத்திய ஆய்வு 1999இல் வெளிவந்தது. அது இந்த வரலாற்றின் திருப்புமுனை என்பது என் கருத்து. அதில் புதிய மருந்து ஏதுமில்லை. ஜென்டாமைசினும் கோட்ரைமாக்சசோலும் பழையவை. புதியது, ஊசியைப் பிடித்த கை. ஐந்து முதல் பத்து ஆண்டுகள் வரை மட்டுமே பள்ளிப்படிப்புடைய கிராமப் பெண்கள், 39 கிராமங்களில் வீடுவீடாகச் சென்று பச்சிளங்குழந்தைகளைக் கவனித்தனர். குறிகளைக் கொண்டு செப்சிஸைக் கண்டறிந்தனர். பெற்றோர் இசைந்தால் வீட்டிலேயே சிகிச்சையளித்தனர். செப்சிஸ் கண்ட குழந்தைகளின் இறப்பு 16.6 விழுக்காட்டிலிருந்து 2.8 விழுக்காடாகக் குறைந்தது. மூன்றாம் ஆண்டில், ஒப்பீட்டுக் கிராமங்களைவிடப் பச்சிளங்குழந்தை இறப்பு 62 விழுக்காடு குறைவாக இருந்தது.

கண்டவருக்கே செயல்படும் உரிமையும் தரப்பட்டது, இடைவெளி சுருங்கியது.

இதே காலகட்டத்தில் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் வகுத்த ஐ.எம்.சி.ஐ. நெறிமுறையை இந்தியா தனக்கேற்ப மாற்றியமைத்தது. முதல் நெறிமுறை ஒரு வாரத்துக்கு உட்பட்ட குழந்தையை உள்ளடக்கவில்லை. மிகுதியான மரணங்கள் நிகழும் அந்த வாரத்தையே இந்தியா சேர்த்தது. 'பல கொப்புளங்கள்' என்ற தளர்வான சொல்லுக்குப் பதிலாக ஓர் எண்ணையும் தந்தது: 10 அல்லது அதற்கு மேற்பட்ட சீழ்க்கொப்புளங்கள், அல்லது ஒரே பெரிய கட்டி என்றால் அது கடுந்தொற்றாகக் கருதப்படவேண்டும். எண்ணத் தெரிந்த எவரும் முடிவெடுக்கலாம் என்பதே இதன் பொருள். மகாபத்மத்தின் தாமரை நிறத்திலிருந்து பத்துக் கொப்புளம் வரையிலான தொலைவை இவ்வாறும் அளக்கலாம்.

ஆயினும் கட்சிரோலியின் விடையை அரசு முழுமையாக ஏற்கவில்லை. 2011இல் ஆஷா பணியாளர்கள் வழியாக வீட்டுவழிப் பச்சிளங்குழந்தைப் பராமரிப்பு நாடு முழுவதற்கும் விரிந்தது. பார்க்கும் கடமை ஆஷாவுக்கு வந்தது, ஊசி வரவில்லை. 2014இல் குறிப்பிட்ட சூழல்களில் மட்டும் ஜென்டாமைசின் செலுத்தும் அனுமதி துணைச் செவிலியருக்குக் கிடைத்தது. பயிற்சி குறைந்தவர் கையில் மருந்து செல்வதை அஞ்சியவர்களின் தயக்கத்தை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. குளோராம்ஃபெனிக்காலின் கதையை இப்போதுதான் பார்த்தோம். ஆனால் அந்த மருந்தைத் தந்தவர்கள் பட்டம் பெற்ற மருத்துவர்கள் என்பதையும் அதே மூச்சில் நினைவில் கொள்ளவேண்டும்.

தொப்புள் பராமரிப்பிலும் சூழலே விடையை மாற்றியது. நேபாளத்தின் சர்லாஹி மாவட்டத்தில் நடந்து 2006இல் வெளியான ஆய்வில், 4 விழுக்காடு குளோர்ஹெக்சிடின் பூசியதால் கடுமையான தொப்புள் தொற்று 75 விழுக்காடும் இறப்பு 24 விழுக்காடும் குறைந்தன. பின்னர் சாம்பியாவிலும் தான்சானியாவிலும் நடந்த ஆய்வுகளில் இறப்பு குறையவில்லை. எனவே தூய்மையான பிரசவம் உறுதியான இடங்களில் தொப்புளில் எதையும் பூசாமல் உலரவிடுவதே இன்றைய பரிந்துரை.

7. இன்று

2005–06இல் மருத்துவ நிறுவனங்களில் நிகழ்ந்த பிரசவங்கள் 38.7 விழுக்காடு, 2019–21இல் 88.6 விழுக்காடு. இது பெரும் சாதனை. அதனோடு கேள்வியும் இடம் மாறிவிட்டது. டெல்லியின் மூன்று பெரிய மருத்துவமனைகளில் 2011 முதல் 2014 வரை நடந்து 2016இல் வெளியான ஆய்வு, தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் சேர்ந்த 13,530 பச்சிளங்குழந்தைகளைப் பின்தொடர்ந்தது. 14.3 விழுக்காட்டினருக்கு செப்சிஸ். முதன்மைக் கிருமியான அசினெட்டோபாக்டரில் 82 விழுக்காடு பல மருந்துகளுக்கு அடங்காதவை. வீட்டில் அரிவாள் வழியே வந்த கிருமி, இன்று வார்டில் கை வழியே, குழாய் வழியே வருகிறது.

ஆகவே முதற்சிவப்பைக் காண்பது முன்னெப்போதையும்விட முதன்மையாகிறது. இதை வாசிக்கும் எவர் வீட்டிலும் பச்சிளங்குழந்தை இருக்கலாம் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். தொப்புளைச் சுற்றிய தோலுக்குச் சிவப்பு பரவுதல், சீழ், விரைவில் பெரிதாகும் வீக்கம், தொட்டாலே வீறிட்டு அழுதல், தோல் ஊதாவாகவோ கருப்பாகவோ மாறுதல், பால் குடிக்க மறுத்தல், துவண்டு கிடத்தல், வேகமான மூச்சு, உடல் சுடுதல் அல்லது குளிர்ந்துபோதல்: இவற்றுள் ஒன்று தென்பட்டாலும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். காய்ச்சல் இல்லை என்பது ஆறுதல் அன்று. இவ்வயதில் கடுந்தொற்று காய்ச்சலின்றியும் வரும்.

ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோளுடன் முடிக்கிறேன். ஆஷா பணியாளர் வீட்டுக்கு வந்து நிரப்பும் படிவத்தில் தொப்புளுக்கும் தோலுக்கும் கட்டங்கள் உண்டு. காசியபர் பெயரிலான நூல் பெயர் சொல்லாமல் விட்ட கண்களும், 1918 அறிக்கை குற்றவாளியாக நிறுத்திய கண்களும், சிட்னியின் ஏடு காணத் தவறிய கண்களும் முதன்முறையாகத் தம் கையெழுத்தில் எழுதும் ஆவணம் அது. அப்படிவங்கள் எங்கே போகின்றன, எத்தனை ஆண்டு பாதுகாக்கப்படுகின்றன, 'சிவப்பு' என்று குறித்தபின் அடுத்த நடவடிக்கைக்கு எத்தனை மணி ஆனது? இந்த வரலாற்றின் அடுத்த அத்தியாயம் அந்தக் கட்டங்களில்தான் இருக்கிறது. அவை பழைய தாள்களோடு எடைக்குப் போகுமுன் யாராவது வாசிக்கவேண்டும்.